பேய்ப்படத்தின் முதற்காட்சியும் பிரட்டுக்களமும்

ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளிலிருந்து வந்துள்ள மாணவர் சிலர் குறும்பேய்ப்படமொன்றை ஆக்கத் திட்டமிட்டு, அதன் முதற்காட்சியை எழுதிக் கொணர்ந்தனர். பனிமூட்டம், பாழடைந்த துரை பங்களா, சாளரத்தில் வெள்ளைச்சேலைப் பெண்ணொருத்தி. பல திரைப்படங்களின் தொடக்கங்களைப் பார்த்துக் கற்றே எழுதியதாகக் கூறினர். அவ்வாறு கற்பதில் தவறில்லை; எதைக் கற்றனர் என்பதே வினா.

அச்சத்தை யாருடைய கண்கொண்டு பார்ப்பது என்பதை ஒரு படத்தின் முதற்காட்சியே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகின்றது. ஹிச்கொக்கின் 'சைக்கோ' (1960) நகரின் பெயரையும் நாளையும் மணியையும் திரையிலே பொறித்து, மலிவான விடுதியறை ஒன்றினுள் நுழைகின்றது. அங்கு காதலர் இருவர் கடனையும் சீவனாம்சத்தையும் பற்றிப் பேசுகின்றனர். கொலை நிகழும் விடுதியைக் காண்பதற்கு வெகு முன்னரே பணம் வந்துவிடுகின்றது. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) துப்பாக்கி வேட்டோடு தொடங்குவதை மாணவர் வியந்தனர். அவ்வேட்டின் பின்னால் யுத்தகாலச் சென்னை இருப்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

எனினும் தோட்டத்துப் பிள்ளைகள் ஊன்றிப் பார்க்கவேண்டிய தொடக்கம் விக்டர் ஹல்பரினின் 'வைற் சோம்பி' (1932) என்பதே என் கருத்து. ஹெயிற்றி அமெரிக்கப் படைகளின் ஆக்கிரமிப்பில் (1915-1934) இருந்த காலத்தில், அந்நாட்டைக் களமாகக் கொண்டு எடுக்கப்பட்ட படம் அது. இரவு வேளையில், திருமணம் செய்யவிருக்கும் வெள்ளையர் இருவர் குதிரைவண்டியில் வருகின்றனர். நடுத்தெருவிலே பிணம் புதைக்கப்படுகின்றது. ஆள்நடமாட்டமுள்ள இடத்திற் புதைத்தாலன்றிப் பிணத்தைத் திருடிவிடுவர் என்கிறான் வண்டிக்காரன். பின்னர் மலைச்சரிவிலே மெல்ல இறங்கிவரும் உருவங்களைக் கண்டு வண்டியை விரட்டுகின்றான். அவை, புதைகுழியினின்றும் எடுக்கப்பட்டுக் கரும்பாலையிலே இரவுவேலை செய்விக்கப்படும் பிணங்களாம்! மரணத்தின் பின்னும் ஓய்வில்லை. பின்வரும் ஆலைக்காட்சியில் ஒருவன் இயந்திரத்தினுள் விழ, மற்றையோர் நில்லாது சுற்றிக்கொண்டே இருக்கின்றனர். ஆயின் படம் இவ்வுண்மையைத் தொட்டுவிட்டு மணப்பெண்ணின் பின்னே ஓடிவிடுகின்றது. நடுத்தெருவிற் புதைத்தவர்களின் அச்சத்தைக் கைவிட்டு, வண்டியில் இருந்தவர்களின் அச்சத்தையே அது தனதாக்கிக்கொள்கின்றது.

மாணவர் எழுதிய பங்களாக் காட்சியும் அவ்வண்டியில் இருந்து பார்த்ததே. மலையகத்தவர் பங்களாவை அஞ்சியதற்கான காரணம் அங்கு பேய் உலவியமையா?

ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவிலே தேயிலை பயிரிட்டதும், மார்க்சின் 'மூலதனம்' முதற்பாகம் வெளியானதும் 1867 ஆம் ஆண்டிலேயே. உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இறந்த உழைப்பே மூலதனம் என்று கூறுமிடத்து, இரத்தங்குடிக்கும் பேயையே மார்க்ஸ் உவமையாக்கினார். (அட்டைக்கடிக்குப் பழகியவருக்கு அவ்வுவமையும் மிகையே.) தேயிலைத் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி அழைத்துவரப்பட்டோரின் வழிவந்தவர்கள், 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின் வாக்காளர் இடாப்பிலே இல்லாது போயினர், செக்ரோலிலே மட்டும் இருந்தனர். சட்டத்திற்கு இறந்தவர், வேலைக்கு உயிருடன் உள்ளவர். இதனினும் பொருத்தமான பேய்க்கதையை எங்கே தேடுவது? ஆகவே படம் பிரட்டுக்களத்தில் தொடங்கட்டும் என்றேன். விடியுமுன் இருளில் தப்பொலி. கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுகிறார். ஒரு பெயருக்குக் குரல் வருகின்றது, ஆளில்லை.

மாணவி ஒருத்தி இதனை உடன் ஏற்கவில்லை. "எங்கட பாட்டி உண்மையாகவே முனிக்குப் பயப்படுகிறவ, சேர். அந்த முனியை நீங்கள் முதலாளித்துவமாக்கிவிட்டால் பாட்டி படத்தைப் பார்க்கமாட்டா" என்றாள். இவ்வாட்சேபம் இலேசாக ஒதுக்கற்பாலதன்று. தொழிற்சாலைச் சில்லைச் சார்ந்து ரோதைமுனியையும், கவ்வாத்து வேலையைச் சார்ந்து கவ்வாத்துச்சாமியையும் படைத்து வணங்கியவர்கள் அம்மக்களே. இயந்திரத்தின் அபாயத்தை அவர்கள் தம் மொழியில் ஏற்கெனவே உருவகித்துவிட்டனர். அதனை மூடநம்பிக்கை எனத் தள்ளுவது எம்போன்ற விமர்சகரின் பழைய பிழை. விளக்கமாகச் சுருக்கிவிடுவது புதிய பிழையாகலாம். குரலுக்குரியவன் யாரென்று படம் சொல்லவேண்டியதில்லை என்று என் யோசனையைத் திருத்திக்கொண்டேன்.

தப்பொலியை மாணவர் ஏற்றுள்ளனர். பங்களாவை நீக்க இன்னும் இசையவில்லை. அது எடுப்பதற்கு அழகான இடமாம்.