ரோமின் தெருவோரப் பந்தி

சாந்த் எஜிடியோ என்பது 1968-ல் ஆந்திரேயா ரிக்கார்தி என்ற பள்ளி மாணவர் ரோமில் தொடங்கிய கத்தோலிக்கப் பொதுநிலையினர் சமூகம். மாலைகளில் அதன் தொண்டர்கள் ரயில் நிலையங்களிலும் தெருவோரங்களிலும் வீடற்றோருக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். இதற்குச் சம்பளம் வாங்குவதில்லை. ரொட்டி, சூடான பானம், குளிர்காலமானால் போர்வை ஆகியவற்றுடன் பேச்சும் சேர்கிறது. பொட்டலத்தை நீட்டிவிட்டு நகர்ந்துவிடாமல், அருகில் நின்று பெயர் சொல்லி அழைத்து நலம் கேட்பதே இந்தச் சேவையின் அழகு.

1983-ல் ரோமின் தெர்மினி ரயில் நிலையத்தில் மொதெஸ்தா வலெந்தி என்ற வீடற்ற மூதாட்டி நோயுற்றார். அவர் அழுக்காக இருந்ததால் ஆம்புலன்சில் ஏற்ற மறுத்தார்கள். மணிக்கணக்கில் காத்திருந்து இறந்தார். தெருவில் மாண்ட மற்றவர்களின் பெயர்களையும் சேர்த்து வாசித்து, ஆண்டுதோறும் இச்சமூகம் அவருக்காகத் திருப்பலி நடத்துகிறது.

தந்தோலோ வீதியில் உள்ள இச்சமூகத்தின் உணவகத்தில் தட்டேந்தி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வந்தவர்கள் மேசையில் அமர, தொண்டர்கள் பரிமாறுகிறார்கள். 1982 முதல் கிறிஸ்துமஸ் அன்று ரோமின் திராஸ்தேவரே பகுதியிலுள்ள புனித மரியா பேராலயத்துக்குள்ளேயே மேசை போட்டு ஏழைகளுக்கு விருந்து வைக்கிறார்கள். எங்கே உண்ணலாம், உறங்கலாம், குளிக்கலாம் என்று சொல்லும் கையேட்டையும் இச்சமூகம் வெளியிட்டு, தெருவில் வாழ்வோருக்கு இலவசமாகக் கொடுக்கிறது.