செபதேயுவின் மனைவி கேட்டது

பதவி ஆசையைக் கண்டிக்கும் பிரசங்கங்களில் அடிக்கடி குற்றவாளியாக நிறுத்தப்படுபவள் செபதேயுவின் மனைவி. மத்தேயு நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் அவள் இயேசுவைப் பணிந்து, அவருடைய ஆட்சியில் தன் மகன்கள் யாக்கோபும் யோவானும் வலப்பக்கம் ஒருவரும் இடப்பக்கம் ஒருவருமாக அமர வேண்டும் என்று கேட்கிறாள். பேராசை பிடித்த தாய் என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது. அவளுடைய சொந்தப் பெயரை மத்தேயு சொல்வதில்லை.

மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அங்கே தாய் வருவதே இல்லை. மகன்களே நேரில் கேட்கிறார்கள். மாற்குதான் முதலில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அப்படியானால், ஆண் சீடர்களின் ஆசை பிறகு ஒரு பெண்ணின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. மத்தேயுவின் பிரதியிலேயே அதற்குத் தடயம் உண்டு. கேட்டவள் தாய், இயேசு பதில் சொல்வதோ மகன்களுக்கு. மற்ற பத்துச் சீடர்கள் கோபப்படுவதும் அந்தச் சகோதரர்கள்மீதுதான்.

அவளுக்கு ஆசையே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆனால் தனக்கென்று அவள் எதையும் கேட்கவில்லை. மகன் வழியாக மட்டுமே அதிகாரத்தை நெருங்க முடியும் என்று பழக்கப்பட்ட பெண்ணின் கோரிக்கை அது.

அவள் மீனவக் குடும்பத்துப் பெண் என்பது காட்டுப்பள்ளியிலிருந்து வாசிக்கும் எனக்கு முக்கியம். மீனவரான இராயப்பரின் பெயரை இராயபுரம் தாங்கியிருக்கும் கடற்கரை இது. இங்கே கப்பல் கட்டும் தளத்துக்காக இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்கள் நிரந்தர வேலை கேட்டுப் போராடின. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்தை வளர்ச்சி என்கிறோம். பிள்ளைக்கு ஓர் இடம் கேட்கும் தாயைத்தான் பேராசைக்காரி என்கிறோம்.

உயர விரும்புகிறவர் பணியாளராக இருக்க வேண்டும் என்பது இயேசுவின் பதில். நாற்காலி கேட்ட ஆண்களுக்குச் சொன்னது அது. நம் சபைகளில் அதைப் பெண்களுக்குச் சொல்கிறார்கள். ஆலயத்தைப் பெருக்கி, விருந்துக்குச் சமைத்து, ஏற்கெனவே பணியாளராக இருப்பவர்களுக்கு. அகந்தையே அடிப்படைப் பாவம் என்பது ஆண் அனுபவத்திலிருந்து பிறந்த இறையியல், தன்னையே தொலைப்பதுதான் பெண்ணுக்கு நேரும் ஆபத்து என்று வேலரி செய்விங் 1960இலேயே எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபையில் பெண் இன்றும் குருவாக முடியாது. 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயர் கிடைத்தது 2013இல்தான். பணிவைப் போதிக்கும் இடத்தை ஆண்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை.

மத்தேயு அவளை இன்னொரு முறை காட்டுகிறார், 27ஆம் அதிகாரத்தில். இயேசுவின் வலமும் இடமும் இரண்டு கள்வர்கள் சிலுவையில் தொங்குகிறார்கள். சீடர்கள் எல்லாரும் முந்தைய இரவே ஓடிவிட்டார்கள். தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் அவளும் ஒருத்தி. தான் கேட்ட இடங்களின் விலையை அவள் கண்ணால் கண்டாள். அவளைப் பற்றிப் பிரசங்கிப்பவர்கள் இந்த அதிகாரத்தையும் சேர்த்து வாசிக்கட்டும்.