மாலை சிக்கிய நேரம்

ரவிசங்கர் என்றதும் சிதார்தான் ஞாபகம் வரும். 1947-இல் தில்லி புராணா கிலாவில் ஆசிய உறவு மாநாடு நடந்த நாட்களில் ஒரு பாலே மேடையேறியது. நேருவின் ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’ நூல்தான் கரு. நடன அமைப்பு சாந்தி பர்தன். இசை, இருபத்தேழு வயது நிறையாத ரவிசங்கர். அதற்குச் சற்று முன்னால் ‘ஸாரே ஜஹான் ஸே அச்சா’வுக்கு அவர் போட்ட மெட்டைப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் பாடுகிறார்கள். பாலே இசையை முணுமுணுக்க ஆளில்லை.

கச்சேரியை வைத்தே வித்வானை எடைபோட்டுப் பழகிவிட்டோம். நாட்டிய நாடகத்துக்கு இசையமைப்பது நமக்கு இரண்டாம்பட்சம். எனக்கென்னவோ அதுதான் கடினம் என்று படுகிறது. கச்சேரியில் தோடியை முக்கால் மணி நேரம் விரிக்கலாம். மேடையிலோ மான் ஓடி மறைவதற்குள் ராகம் முகம் காட்டிவிட வேண்டும்.

சாந்தி பர்தனும் ரவிசங்கரும், ரவிசங்கரின் அண்ணன் உதயசங்கர் அல்மோராவில் நடத்திய கலை மையத்தின் வழியில் வந்தவர்கள். 1944-இல் மூடப்பட்ட அந்தக் கலை மையத்தில் பரதம் கற்பித்தவர் பாலசரஸ்வதியின் குரு கந்தப்ப பிள்ளை. இசைக்கு அலாவுதீன் கான். அங்கே அசைவு முந்தும், வாத்தியம் பின்தொடரும். சாகித்யத்துக்கு அவ்வளவாக வேலையில்லை. ரவிசங்கர் சிறுவயதில் அண்ணன் குழுவில் ஆடியவர். கால் எங்கே நிற்கும், எங்கே தயங்கும் என்பது அவருக்கு உடம்பிலேயே தெரியும். தில்லி மேடையில் இந்த வழியை வளர்த்தவர், அல்மோராவில் பயின்ற நரேந்திர சர்மா.

தில்லியில் கதக் பாலேயும் செழித்தது. பாரதிய கலா கேந்திரத்தின் ‘மாலதி மாதவ்’ பாலேக்கு இசையமைத்தவர்கள் துருபத் பாடகர்களான டாகர் சகோதரர்கள். நிதானமே உருவான துருபதும் சுழன்று சுழன்று சமத்தில் வந்து விழும் கதக்கும் ஒரே மேடையில்! துணிச்சலான சம்பந்தம்தான்.

நம் பக்கம் கலாக்ஷேத்ரா. ருக்மிணி தேவி வால்மீகி ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக்க முனைந்தபோது இசைக்கு அழைத்தது மைசூர் வாசுதேவாச்சாரியாரை. 1955-இல் ‘சீதா சுயம்வரம்’ அரங்கேறியபோது ஆச்சாரியாருக்குத் தொண்ணூறு வயது. ஸ்லோகத்தின் சந்தம் சிதையாமல், அபிநயத்துக்கும் இடம் விட்டு மெட்டமைத்தார். 1961-இல் அவர் மறைந்தபின் பேரர் எஸ். ராஜாராம் தொடர்ந்தார், 1970-இல் ‘மகா பட்டாபிஷேக’த்தோடு வரிசை முடிந்தது. ஆச்சாரியாரின் ‘ப்ரோசேவாரெவருரா’வைக் கமாஸில் ரசித்துத் தலையாட்டும் எத்தனை பேருக்கு இந்த ராமாயணம் காதில் விழுந்திருக்கும்?

நல்ல நாட்டிய இசைக்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான். கண்ணை மூடிக் கேட்டால் ஏதோ குறைய வேண்டும். நிறைவாக இருந்துவிட்டால் அது கச்சேரி. மேடையில் இருப்பவர்கள் வீணாக வியர்வை சிந்துகிறார்கள் என்று பொருள். அந்தக் குறைதான் இந்த இசையை மேடைக்கு வெளியே வாழவிடாமலும் செய்கிறது. பீத்தோவனுக்கும் இந்தக் கதிதான். 1801-இல் அவர் எழுதிய ‘ப்ரொமிதியஸ்’ பாலேயில் இன்று அடிக்கடி கேட்கக் கிடைப்பது தொடக்க இசை மட்டுமே. ஆனால் அங்கே எழுதிவைத்த தாள் இருக்கிறது. யாராவது எடுத்து வாசிக்கலாம். நம் பாலே இசையில் பெரும்பகுதி வாசித்தவர்களின் நினைவில் இருந்தது, அவர்களோடு போயிற்று.

இப்போது தில்லியில் பெரும்பாலும் ஒலிப்பதிவுதான். சில வருடம் முன்பு ஒரு சுயம்வரக் காட்சியில் சீதை போட்ட மாலை ராமனின் கிரீடத்தில் சிக்கிக்கொண்டது. பதிவு நிற்குமா? கல்யாண ஊர்வலத்து மேளம் தொடங்கிவிட்டது. ஓரத்தில் நட்டுவனாரும் பாட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தால் ஒரு பார்வை போதும். அதே வரியை இன்னொரு சங்கதியோடு திருப்பிப் பாடியிருப்பார்கள். சபையில் யாருக்கும் தெரிந்திருக்காது. அன்று ராமன் ஒரு கையால் கிரீடத்தைப் பிடித்தபடியே ஊர்வலம் போனான்.