காதுக்கு ஓரம் உண்டா?

உப்பளத்துப் படிப்பகம் ஒன்றில் அண்மையில் ஒரு மாலை தோழர்கள் எழுவர் சூழ்ந்தமர்ந்து ஓர் ஒலிநூலைக் கேட்டோம். அமெரிக்க நையாண்டிக் கலைஞர் ஸ்டீபன் கோல்பேர் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டு, தம் குரலாலேயே படித்தளித்த 'ஐ ஆம் அமெரிக்கா' என்னும் நூல் அது. ஆங்கிலம் நன்கறிந்த தோழர் ஒருவர் இடையிடையே நிறுத்தித் தமிழில் விளக்கினார். நையாண்டி புதுவைக்குப் புதியதன்று. கேலிச்சித்திரத்தைத் தமிழர்க்குப் பழக்கிய 'இந்தியா' வார ஏடு, வெள்ளையர் அடக்குமுறைக்குத் தப்பி 1908-இல் குடியேறிய ஊர் இது. ஆயினும் அன்று மாலை எங்கள் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. சிலர் வயிறு குலுங்கச் சிரித்தனர். சிலர் முகஞ்சுளித்தனர். ஒரு தோழர் எழுந்தே விட்டார். "குடியேறி வந்த ஏழைகளை இப்படி இழித்துப் பேசுகிறானே, இவனையா எங்களுக்குக் கேட்கக் கொடுத்தீர்கள்?" என்றார். அவர் அறிவிலி அல்லர். எங்களில் மிகுதியும் படித்தவர்.

அவர் சினத்திலே பொருளுண்டு. கோல்பேரின் உத்தி அத்தகையது. 2005 முதல் 2014 வரை அவர் தொலைக்காட்சியில் நடித்தது ஒரே வேடம்: ஆணவமே உருவான செய்தி விமர்சகன் வேடம். ஃபாக்ஸ் செய்தி நிறுவனத்தின் பில் ஓரைலி போன்றாரின் நடை, உடை, உறுமல் அத்தனையையும் உரித்தெடுத்து உடுத்திக்கொண்டார். சான்று வேண்டா, ஆராய்ச்சி வேண்டா. நெஞ்சுக்கு மெய்யெனப் பட்டால் அதுவே மெய் என்பது அவ்வேடத்தின் வேதம். அதற்கு அவர் சூட்டிய 'ட்ரூதினஸ்' என்ற பெயரை 2006-ஆம் ஆண்டின் சொல்லாக மெரியம் வெப்ஸ்டர் அகராதியார் தேர்ந்தனர். அந்த விமர்சகனே நூலிலும் பேசுகிறான்.

அதே 2006, ஏப்ரல் 29. வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சங்க விருந்து. குடியரசுத் தலைவர் புஷ் மேடையில் வீற்றிருக்க, அவரைப் புகழ்வதுபோல் இகழ்ந்தார் கோல்பேர். ஆட்சியாளர் சொன்னதை அப்படியே எழுதிக்கொடுக்கும் எழுத்தர்களாகிவிட்டீர்கள் என்று செய்தியாளரையும் குத்தினார். மண்டபத்தில் சிரிப்பு மெலிந்தது. வெளியிலோ அவ்வுரை காட்டுத்தீயாய்ப் பரவியது. ஒலிப்பதிவாகவும் விற்பனைக்கு வந்தது. குத்துப்பட்டவர்க்குச் சுவைக்கவில்லை, குத்துவதைக் கண்டவர்க்குச் சுவைத்தது என்று அதனை எளிதிலே விளக்கிவிடலாம்.

ஆனால் 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த எளிய விளக்கத்தைத் தகர்க்கிறது. ஓகையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர், 332 பேரிடம் கோல்பேர் நிகழ்ச்சியின் ஒரு பகுதியைக் காட்டிக் கருத்துக் கேட்டனர். பழமைவாதிகளும் சிரித்தனர், முற்போக்காளரும் சிரித்தனர், வேடிக்கை என்பதில் இரு சாராருக்கும் வேற்றுமையில்லை. வேற்றுமை எங்கே? அவர் கேலி செய்கிறார் என்றனர் முற்போக்காளர். கேலி செய்வதுபோல் நடிக்கிறார், உள்ளத்தில் உள்ளதைத்தான் உரைக்கிறார் என்று கருதும் போக்கே பழமைவாதிகளிடம் மிகுந்திருந்தது! எவரை நோக்கி அம்பு எய்யப்பட்டதோ, அவரே அதை மலரென்று எண்ணிச் சூடிக்கொண்டனர்.

ஒலிநூலிலே இந்த இடர் பெருகும் என்பது என் கருத்து. தொலைக்காட்சியில் கோல்பேர் முழங்கும்போது பக்கத்திலே எழுத்துகள் தோன்றி அவரையே மறுக்கும். அச்சு நூலிலும் பக்க ஓரங்களில் குறும்பான குறிப்புகள் உண்டு. ஒருபால் ஆணவம், ஒருபால் அதன் தோலை உரிக்கும் குறும்பு. காதுக்கு ஏது ஓரம்? ஓரக்குறிப்பைக் குரலில் படித்தாலும் அது ஓரத்தில் நில்லாது. முழக்கத்தோடு முழக்கமாய்க் கரைந்துவிடும். எஞ்சுவது அந்த விமர்சகனின் குரல் ஒன்றே. எங்கள் தோழரைச் சினக்கச் செய்ததும் அதுவே.

நம் மேடை இதை அறியாததன்று. அண்ணா கதை எழுதிய 'நல்லதம்பி' (1949) படத்தில் கலைவாணரின் கிந்தனார் கதாகாலட்சேபத்தை நினைவுகூருங்கள். பாகவதரின் கோலம், பாகவதரின் குரல். பகைவனின் படைக்கலமே கையில். ஆனால் கதையின் போக்கு அறவே வேறு. நந்தன் தில்லையை நாடினான். கிந்தன் கல்வியை நாடி நகருக்குப் போய், பள்ளி ஆய்வாளனாகத் திரும்புகிறான். கேட்டவர்க்கு ஐயமே எழவில்லை. கோல்பேரிடம் இப்படியொரு கிந்தன் இல்லை. பாகவதர் மட்டுமே இருக்கிறார்.

நமக்கு நாமே பாராட்டு வழங்குமுன் 'இரத்தக்கண்ணீர்' (1954) படத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எம்.ஆர். இராதாவின் கூரிய பகுத்தறிவுச் சொற்கள் யார் வாயிலிருந்து வந்தன? தாயை உதைத்து, மனைவியைத் தள்ளி, தொழுநோயுற்று அலையும் மோகனின் வாயிலிருந்து! அவ்வுரையாடல் ஒலிபெருக்கி வழியே ஊர்தோறும் கேட்டது. நாம் கேட்டது சீர்திருத்தம். பக்தர் கேட்டதோ, பழித்தவன் பட்ட பாடு. ஒரே குரல், இரு காது. ஆனாலும் கோல்பேரைவிட இராதாவே துணிந்தவர் என்பேன். மோகனின் இறுதி வேண்டுகோள் தன் மனைவிக்கு மறுமணம் என்பதாக அமைந்ததால், கதை எப்பக்கம் சாய்கிறது என்பது மறைந்திருக்கவில்லை.

இதையெல்லாம் நான் சொல்லக் கேட்ட சினந்த தோழர், அச்சு நூலை வாங்கி ஓரங்களைப் படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். பிறகு, "2001 சூன் 30 நினைவிருக்கிறதா?" என்று கேட்டார். கலைஞர் நள்ளிரவில் கைதான நாள். காவலர் அவரை இழுத்துச் சென்ற காட்சியைச் சன் தொலைக்காட்சி ஓயாது காட்டியது. காவலரே தாக்குண்டதாகச் சொல்லும் காட்சிகளை ஜெயா தொலைக்காட்சி காட்டியது. ஓரிரவு, இரு செய்திகள். ஊரும் இரண்டாக நின்றது. "சரி, நம் தொலைக்காட்சியை நையாண்டி செய்து நாமே ஓர் ஒலிநூல் எழுதுவோம். எந்த அலைவரிசையில் தொடங்கலாம்? ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள்" என்றார்.

எழுதினோம். தாள்களைப் பிரித்தார். எழுவரும் எதிர்முகாமின் அலைவரிசையையே எழுதியிருந்தோம்; அவரும்தான்.