கருக்கு: உள்ளே பார்ப்பது யாருடைய கண்ணால்?

1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' நூலைத் துயரக் கதையாக மட்டும் வாசித்து உச்சுக்கொட்டுகிறவர்கள் அதிகம். அதில் ஓடும் ஆன்மிகத் தேடலை விட்டுவிடுகிறார்கள். 'உனக்குள்ளே பார்' என்று எல்லா மதமும் சொல்லுது. சரி, யாரு கண்ணால பாக்குறது? வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என மூன்று வார்த்தைப்பாடுகளை மடம் கையில் தருகிறது. கீழ்ப்படிதலை அளவுகோலாக வைத்தால் கேள்வி கேட்பதே பாவம்.

பாமா அதே அளவுகோலை மடத்தின் மேலேயே வைக்கிறார். வறுமைக்கு வாக்குக் கொடுத்த இடத்தில் வசதிக்குக் குறைவில்லை. தன் சனமோ வெளியே நிற்கிறது.

இந்தப் பார்வை அவருக்குத் தெருவில் கிடைத்தது. வடைப் பொட்டலத்தைத் தொடாம, கயித்தப் புடிச்சுத் தூக்கிட்டுப் போய் நாயக்கரிடம் கொடுக்கிறார் ஒரு பெரியவர். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு. அண்ணன் காரணம் சொன்னதும் சிரிப்பு நின்றுபோகிறது. எதைத் தன்னால் சகிக்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டவர்தான் பின்னால் மடத்தை விட்டு வெளியேறுகிறார்.

வெளியே வந்தவர் கையில் புது வேதம் இல்லை, பிழைப்புக்கும் வழியில்லை. முடிவு தெளிவாயில்லை என்று குறை சொல்கிறார்கள். தன்னை அறிந்தால் நிம்மதி கிடைக்கும்னு யாரு சொன்னா? பனங்கருக்கு பிடித்த கையையும் அறுக்கும். அதை மறைக்காததே இந்நூலின் நேர்மை.