அழிக்காமல் விட்ட வரிகள்

எங்கள் தொழிலில், ஓடாத நிரலை வைத்திருக்கக்கூடாது. "யாருமே கூப்பிடாத ஃபங்ஷனை எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்று நானே பலரைக் கேட்டிருக்கிறேன். மைமோனிடிஸின் ‘கட்டளைகளின் நூல்’ வாசித்தபோது அந்தக் கேள்வி என் பக்கமே திரும்பியது.

யூத மரபில் கட்டளைகள் 613. ‘செய்’ என்பவை 248, ‘செய்யாதே’ என்பவை 365. இந்த எண்ணிக்கை தால்மூதிலேயே இருக்கிறது. எவை அந்த 613 என்ற பட்டியல்தான் அங்கே இல்லை. கூட்டுத்தொகை முதலில் வந்துவிட்டது, கணக்கைப் பின்னால் வந்தவர்கள் போட வேண்டியிருந்தது. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், பட்டியலுக்கு முன்பாக எதை எண்ணலாம், எதை எண்ணக்கூடாது என்று 14 விதிகள் எழுதுகிறார். என் வாசிப்பில் நூலின் உயிர் அந்த விதிகளில்தான் இருக்கிறது.

மூன்றாம் விதியைப் பாருங்கள். எல்லாத் தலைமுறைக்கும் உரியதல்லாத கட்டளை கணக்கில் வராது. மன்னாவை மறுநாளுக்கு மிச்சம் வைக்காதே என்பது பாலைவனத்தில் நடந்தவர்களுக்குச் சொன்னது; அவர்களோடு முடிந்தது. சரி, கோயில் பலிகள்? எருசலேம் கோயில் கி.பி. 70இல் இடிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக யாராலும் செய்ய முடியாத அந்தச் சடங்குகளை அவர் விடாமல் எண்ணிச் சேர்க்கிறார். மன்னா காலாவதியான கட்டளை. பலி, இடம் இல்லாததால் நின்றுபோன கட்டளை. இரண்டும் ஒன்றல்ல.

அடுத்த நூற்றாண்டில், பிரான்சின் கோர்பெய் ஊரைச் சேர்ந்த ஐசக் ‘கட்டளைகளின் சிறுநூல்’ எழுதினார். தன் காலத்தில் கடைப்பிடிக்கக்கூடியவற்றை மட்டும் எடுத்து, வாரத்தின் ஏழு நாளுக்கு ஏழு பகுதிகளாகப் பிரித்தார். நூலுக்கு இன்னொரு பெயர், ‘புலம்பெயர்வின் தூண்கள்’.

வாசகர்மேல் கரிசனம் ஐசக்குக்குத்தான் அதிகம். பிழைப்பைப் பார்த்துக்கொண்டே படிக்கிறவருக்கு இன்றைக்கு இவ்வளவு போதும் என்கிறார். மைமோனிடிஸிடம் அந்தக் கனிவு இல்லை. பலிகளைப் பற்றிய பதிவுகளும் மற்றவற்றைப் போலவே வறண்டுதான் கிடக்கின்றன. தினமும் கையில் எடுக்க எது என்று கேட்டால் ஐசக்கைத்தான் சொல்வேன். ஆனால் அதை மட்டும் படித்து வளர்கிறவருக்கு, தான் எதிலிருந்து புலம்பெயர்ந்தோம் என்பது தெரியாமலே போகலாம். இழந்ததற்கும் ஒரு வரிசை எண் கொடுத்து வைத்தவர் மைமோனிடிஸ்.