தன் படத்துக்குத் தானே உரை

படம் எடுப்பதையே முனைவர் பட்ட ஆய்வாக ஏற்றுக்கொண்டு அதற்கு உதவித்தொகையும் தரும் பிரிட்டிஷ் முறையை யாராவது கேள்வி கேட்டால், அதன் ஆதரவாளர்கள் உடனே எடுத்துவைக்கும் பெயர் ஜோஷுவா ஓப்பன்ஹைமர். இந்தோனேசியாவில் 1965–66இல் நடந்த படுகொலைகளைச் செய்தவர்களையே தங்கள் கொலைகளை நடித்துக்காட்ட வைத்து அவர் எடுத்த ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ (2012) ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. 2014இல் பாஃப்டா விருதும் பெற்றது. பல்கலைக்கழக ஆய்விலிருந்து விளைந்த படம் அது, செய்முறைவழி முனைவர் பட்டத்துக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும் என்கிறார்கள். இந்தச் சான்று செல்லாது. ஓப்பன்ஹைமர் லண்டன் கலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை முடித்தது 2004இல். படத்தின் மையமாக நிற்கும் அன்வர் காங்கோவை அவர் முதன்முதலில் சந்தித்ததே 2005இல்தான். ஆய்வேட்டில் யோசித்தவை படத்துக்கு உரமாகியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் படத்தை உண்டாக்கியது பட்டம் பெற்ற பிறகு கிடைத்த ஆண்டுகள். வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டம் ஒன்று கைகொடுத்தது, கோபன்ஹேகன் தயாரிப்பு நிறுவனம் ஒன்று துணைநின்றது, உயிருக்குப் பயந்து பெயரை மறைத்துக்கொண்ட இந்தோனேசியக் குழுவினர் கூடவே உழைத்தார்கள். நல்ல படத்துக்குக் காலமும் பணமும் வேண்டும் என்பதற்கு அது சான்று. ஆய்வேடு என்ற வடிவத்துக்குச் சான்று ஆகாது.

முறையின் நன்மைகளைச் சொல்லிவிடலாம். 2025–26 கல்வியாண்டுக்கு பிரிட்டிஷ் ஆய்வு மன்றங்கள் விதித்த குறைந்தபட்ச உதவித்தொகை ஆண்டுக்கு 20,780 பவுண்டு. கல்விக் கட்டணம் தனியாகக் கட்டப்பட்டுவிடும். 2021 முதல் வெளிநாட்டு மாணவர்களுக்கும் ஓரளவு இடம் திறந்திருப்பதால், நம் ஊர்ப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். தயாரிப்பாளரின் நச்சரிப்பு இல்லாமல் மூன்று நான்கு ஆண்டுகள் ஒரே விஷயத்தோடு இருக்க வேறு எங்கே வழி? வழி ஒருகாலத்தில் இருந்தது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். லாரா மல்வியும் பீட்டர் வொலனும் ‘ரிடில்ஸ் ஆஃப் த ஸ்பிங்க்ஸ்’ (1977) எடுத்தது பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் தயாரிப்புக் குழு தந்த பணத்தில். 1980களில் சானல் 4 தொலைக்காட்சி பணம் கொடுத்து வளர்த்த பட்டறைகளில் ஒன்றுதான் பிளாக் ஆடியோ ஃபிலிம் கலெக்டிவ். அந்தப் பட்டறை நிதி வற்றியது; தயாரிப்புக் குழுவும் கலைக்கப்பட்டது. சோதனைப் படம் எடுக்க விரும்புகிறவர்களுக்குக் கடைசியில் மிஞ்சிய பெரிய கதவுகளில் ஒன்று பல்கலைக்கழகம். கலைக்கான நிதி ஆய்வுக்கான நிதியாக வேடம் மாறிய பிறகு, கலைஞரும் ஆய்வாளர் வேடம் போட்டாக வேண்டியிருக்கிறது.

வேடத்துக்குக் கொடுக்கும் விலைதான் என் புகார். படத்தோடு எழுத்தும் சமர்ப்பிக்க வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் முப்பது, நாற்பதாயிரம் சொற்கள். அதில் படைப்பாளி தன் ஆய்வுக் கேள்வியைச் சொல்ல வேண்டும், முறையியலைச் சொல்ல வேண்டும், எந்த மரபில் நிற்கிறார் என்று காட்ட வேண்டும், தன் படம் அறிவுக்குப் புதிதாக என்ன சேர்த்தது என்று நிறுவ வேண்டும். இதில் பாதியை விண்ணப்பத்திலேயே, ஒரு ஷாட்கூட எடுக்கும் முன்பே, எழுதித் தர வேண்டும். இது வெறும் காகிதச் சடங்காக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அது படத்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. எந்தக் காட்சியைக் கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும் என்று தெரிந்தவர், பதில் சொல்ல முடிந்த காட்சிகளையே எடுப்பார். படத்தொகுப்பு மேசையில் ஒரு ஷாட் ஏன் நிற்கிறது என்று தனக்கே தெரியாதபோது, அது நிற்பதாலேயே அதை விட்டுவைக்கும் துணிச்சல் கலைஞருக்கு வேண்டும். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் அந்த ஷாட்டுக்கு இடமில்லை என்றால் அது போய்விடும்.

ஆதரவாளர்கள் காட்டும் அதே படத்தையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அன்வர் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்று, ரத்தம் அதிகம் சிந்தாமல் கம்பியால் கழுத்தை இறுக்கிக் கொல்வது எப்படி என்று செய்துகாட்டுகிறார். காட்டி முடித்து நடனமும் ஆடுகிறார். முடிவில் அதே மாடிக்குத் திரும்பி வரும்போது அவருக்கு ஓங்கரிக்கிறது. ஏதோ வெளியே வர முயல்கிறது, வரவில்லை. அது குற்றவுணர்வா, கேமராவுக்கான இன்னொரு நடிப்பா, நடிப்பே உடலைப் பிடித்துக்கொண்ட கணமா? பார்வையாளர்கள் இன்றும் முடிவுக்கு வரவில்லை. படத்தின் பலமே அந்த முடிவின்மையில் இருக்கிறது. இந்தக் காட்சியை விண்ணப்பத்தில் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. எடுத்த பிறகு ஆய்வேட்டில் விளக்கியிருந்தால், மூன்றில் ஒன்றைத் தேர்ந்து மற்ற இரண்டையும் மூடியிருக்க வேண்டும். இயக்குநர்கள் பேட்டியில் இதைப் பற்றிப் பேசுவதில்லையா என்று கேட்கலாம். பேசுகிறார்கள், பேட்டியைப் படிக்காமல் படத்தைப் பார்க்கும் உரிமை நமக்கு இருக்கிறது. தேர்வாளருக்கு அந்த உரிமை கிடையாது. அவர் கையில் படமும் உரையும் ஒன்றாக வருகின்றன; உரையில் சொன்னது படத்தில் இருக்கிறதா என்று சரிபார்ப்பவராக அவர் சுருங்கிப்போகிறார்.

மூலத்தையும் உரையையும் பற்றி நமக்கு நெடிய அனுபவம் உண்டு. குறளுக்குப் பதின்மர் உரை எழுதியதாகச் சொல்கிறோம். மணக்குடவரோடு பரிமேலழகர் மாறுபடுவதால்தான் குறள் இன்னும் வாதத்துக்குரிய நூலாக இருக்கிறது. தானே நூல் செய்து தானே உரையும் எழுதியவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. இலக்கண விளக்கம் செய்த வைத்தியநாத தேசிகர், இலக்கணக் கொத்து செய்த சுவாமிநாத தேசிகர் இருவரும் அப்படிச் செய்தார்கள். இருவரும் இலக்கண ஆசிரியர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விதியை வகுத்தவர் விதியை விளக்கலாம், விளக்கியும் தீர்க்கலாம். செய்முறைவழி முனைவர் பட்டம் ஒவ்வொரு படத்தையும் இலக்கண நூலாக நடத்துகிறது.

ஐசென்ஸ்டைன் எழுதவில்லையா, பிரெஸ்ஸோன் எழுதவில்லையா, தார்க்கோவ்ஸ்கி எழுதவில்லையா என்பது வழக்கமான மறுப்பு. எழுதினார்கள், எழுதத் தோன்றியபோது. பிரெஸ்ஸோனின் குறிப்புகள் நூலாக வந்தது 1975இல்; அதற்குள் அவருடைய பெரும்பாலான படங்கள் வந்துவிட்டன. அந்த எழுத்து தேறினால்தான் ‘பிக்பாக்கெட்’ தேறும் என்று எவரும் நிபந்தனை விதிக்கவில்லை. மல்வியின் புகழ்பெற்ற கட்டுரை 1975இல் ‘ஸ்கிரீன்’ இதழில் வந்தது, ஸ்பிங்க்ஸ் படம் இரண்டு ஆண்டு கழித்து வந்தது. இரண்டும் தனித்தனிக் காலில் நின்றன. எழுத்து இல்லாவிட்டால் தரத்தை எப்படி அளப்பது என்பது அடுத்த மறுப்பு. இசையமைப்பில் முனைவர் பட்டம் அதே நாட்டில் பல காலமாகத் தரப்படுகிறது. அங்கே இசைப் படைப்புகளின் தொகுப்பே முதன்மை, கூடவரும் எழுத்து சுருக்கமானது. ஒலியைக் கேட்டு மதிப்பிட முடியும் என்று நம்பும் பல்கலைக்கழகம் பிம்பத்தைப் பார்த்து மதிப்பிட முடியும் என்று நம்பத் தயங்குகிறது. படமே அறிவு என்று மேடையில் சொல்லிவிட்டு, அறிக்கையில் எழுத்தையே அறிவாகக் கணக்கு வைப்பது நேர்மையான காரியம் ஆகாது. திரைத்துறைப் பேராசிரியர்கள் இதை இவ்வளவு காலம் சகித்துக்கொண்டது, தங்கள் துறை வரலாற்றுத் துறைக்கும் சமூகவியலுக்கும் கீழே என்ற தாழ்வுணர்ச்சியால்தான் என்று நினைக்கிறேன்.

உரை தேவையே இல்லை என்று நான் சொல்லவில்லை. யார் எழுத வேண்டும் என்பதே கேள்வி. பிளாக் ஆடியோவின் ‘ஹேண்ட்ஸ்வொர்த் சாங்ஸ்’ (1986) வந்தபோது சல்மான் ருஷ்டி ‘கார்டியன்’ நாளிதழில் அதைக் கடுமையாகத் தாக்கினார். ஸ்டூவர்ட் ஹால் அதே இதழில் பதில் எழுதினார். புலம்பெயர்ந்தோரின் கதையை எந்த மொழியில் சொல்வது என்ற அந்த வாக்குவாதம் இன்றைக்கும் பாடத்திட்டங்களில் இருக்கிறது. இயக்குநர் ஜான் அகோம்ஃப்ரா நாற்பதாயிரம் சொற்களில் தன் தரப்பை முன்னதாகவே முடித்து வைத்திருந்தால் அந்த வாதத்துக்கு இடம் ஏது? இன்று வாய்மொழித் தேர்வு மூடிய அறைக்குள் நடக்கிறது; தேர்வாளர்களின் அறிக்கை கோப்புக்குள் போய்விடுகிறது. படத்தைக் கவனமாகப் பார்த்து அதைப் பற்றி எழுதக் கடமைப்பட்ட இருவரின் எழுத்தை யாரும் படிப்பதில்லை. அந்த அறிக்கைகளை விரிவாக எழுதச் சொல்லி, கையெழுத்தோடு, படத்தின் பக்கத்தில் வெளியிட வேண்டும். மாணவரின் எழுத்தை விருப்பத்துக்கு விட வேண்டும். ‘ஸ்கிரீன்வொர்க்ஸ்’ என்ற இதழ் படைப்புகளோடு மதிப்பீட்டாளர்களின் கருத்துரைகளையும் சேர்த்தே வெளியிட்டுவருகிறது. இதழால் முடிவதைப் பல்கலைக்கழகங்களும் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.